கேமரா வாங்குவதற்கு முன் ஒரு டம்ளர்

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் தனி ஆசிரியரிடம் புகைப்படக் கலை கற்கப் போகிறேன் என்று மகள் பிடிவாதம் பிடிப்பதையும், நகையை அடகு வைத்தாவது கேமரா வாங்கித் தருகிறேன் என்று அவள் அப்பா கிளம்பிவிட்டதையும் எழுதியிருந்தீர்கள். முதலில் நகையைப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். கேமரா நாள் வாடகைக்குக் கிடைக்கிறது. அவளுக்கு இப்போது வேண்டியது நல்ல ஆசிரியர்.

அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு), ஷட்டர் வேகம் (ஒளி விழும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) மூன்றையும் யூடியூபில் ஒரே மாலையில் தெரிந்துகொள்ளலாம். அதற்கு யாருக்கும் கட்டணம் தர வேண்டாம். பட்டு வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக நிற்கும் மாப்பிள்ளையைப் படமெடுத்தால் முகம் ஏன் கறுத்துப்போகிறது என்பதை, அவள் எடுத்த படத்தையே வைத்து ஒருவர் விளக்க வேண்டும். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே எண்ணிக்கொள்ளும். சட்டகம் நிறைய வெள்ளை இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று ஏமாந்து, படத்தை இருட்டாக்கிவிடும். விவரம் தெரிந்தவர் முன்கூட்டியே வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, கூட்டி வைத்திருப்பார். தாலி கட்டுவது சில நொடிகளில் முடிந்துவிடும். அதற்குள் ஹோமப் புகையும், அட்சதை போட நீளும் கைகளும், வீடியோக்காரரின் முதுகும் குறுக்கே வரும். எங்கே நின்றால் இதெல்லாம் மறைக்காது என்பதை மண்டபத்தில் பக்கத்தில் நின்றுதான் கற்க முடியும்.

இதில் நான் பட்ட அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவனை விசாரிக்காமல் ஒரு தனி வகுப்புக்கு அனுப்பிவிட்டேன். மூன்று மாதம் லென்ஸ் வகைகளையும் மெனுவையும் பற்றியே பாடம் நடந்தது. அவன் எடுத்த ஒரு படத்தைக்கூட அங்கே யாரும் பார்க்கவில்லை. அன்று முதல் ஆசிரியரிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "போன வாரம் உங்கள் மாணவர் எடுத்த படத்தில் என்ன தவறு கண்டீர்கள்?" உண்மையில் கற்றுக்கொடுப்பவர் உடனே ஒரு படத்தை எடுத்துக் காட்டுவார். தான் வாங்கிய விருதுகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால், காபியைக் குடித்துவிட்டு எழுந்து வாருங்கள்.

கல்யாண வேலைக்கு உதவியாளராக அழைத்துப் போவாரா என்றும் கேளுங்கள். லைட் ஸ்டாண்டு தூக்குவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. கட்டணத்தை மாதாமாதம் கொடுங்கள். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று சொன்னாலும் வேண்டாம். பாடம் நடக்கும் இடத்தை நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். இரவு முகூர்த்த வேலை முடிந்து யாருடன் திரும்புவாள் என்பதை முதல் நாளே பேசி முடிவு செய்யுங்கள். "பெண் பிள்ளைக்கு இந்த வேலையா" என்று உங்கள் நாத்தனார் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். மஞ்சள் நீராட்டுக்கும் வளைகாப்புக்கும் பெண் புகைப்படக்காரர் கிடைப்பாரா என்று தேடும் வீடுகள் எத்தனையோ இருக்கின்றன, அவரிடம் சொல்லுங்கள்.

பட்டப்படிப்பை மட்டும் விட வேண்டாம். தனி ஆசிரியர் தரும் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டலாம், அவ்வளவுதான். சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்பட நிறுவனத்தில் ஒளிப்பதிவுக்கே பட்டப்படிப்பு இருக்கிறது. பல கல்லூரிகளில் விஷுவல் கம்யூனிகேஷன் (காட்சித் தொடர்பியல்) பட்டப்படிப்பு உண்டு. தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் (என்ஐடி) குஜராத் காந்திநகர் வளாகத்தில் புகைப்படத்துக்கு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. அதில் சேர ஏதாவது ஒரு பட்டம் வேண்டும். பி.காம். கிடைத்தாலும் சேர்த்துவிடுங்கள். ஸ்டுடியோ வைப்பவருக்கு ஜிஎஸ்டி பில் போடத் தெரியாவிட்டால் எவ்வளவு அழகாகப் படமெடுத்து என்ன பயன்?

ஆசிரியர் அமையும் வரை மகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். சமையலறை ஜன்னலோரம் ஓர் எவர்சில்வர் டம்ளரை வைத்து, உங்கள் போனிலேயே ஃபிளாஷ் இல்லாமல் காலை 6 மணி முதல் மாலை 6 மணிக்குள் 36 படங்கள் எடுக்கட்டும். பழைய ஃபிலிம் ரோலில் அவ்வளவுதான் இருந்தது. எண்ணிக்கை கூடக் கூடாது. இரவில் ஒரு சிறு பல்பின் கீழ் அதே டம்ளரை பல்பிலிருந்து ஓர் அடி தூரத்தில் வைத்துவிட்டு, பிறகு இரண்டு அடி தூரத்துக்குத் தள்ளிவைத்துப் பார்க்கட்டும். வெளிச்சம் பாதியாகாது, கால்வாசியாகக் குறையும். எவர்சில்வரில் ஜன்னல் கம்பி, அடுப்பு, அவள் முகம் எல்லாமே தெரியும். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று திண்டாடுவாள்.

நீங்கள் என்னைப் பார்க்க வரும்போது, நன்றாக வராதவற்றை அழித்துவிடாமல் 36 படங்களையும் அவளே கொண்டுவரட்டும். அவள் அப்பாவையும் அழைத்து வாருங்கள்.