‘லிக்னின் குறைந்த சவுக்கு நாற்று’: முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: விழுப்புரம் மாவட்டத்தில் மூன்று ஏக்கரில் சவுக்கு நட இருக்கிறேன். ‘மரபணு மாற்றிய, லிக்னின் குறைந்த நாற்று, காகித ஆலையில் கூடுதல் விலை கிடைக்கும்’ என்று ஒரு முகவர் மூன்று மடங்கு விலை சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம், முன்பணமும் கொடுக்க வேண்டாம். இந்தியாவில் விவசாயிகள் வணிக அளவில் பயிரிட்டுவரும் மரபணு மாற்றுப் பயிர் பருத்தி ஒன்றே. மரங்களில், 2021-இல் அஸ்ஸாமில் நடப்பட்ட ரப்பர் கன்றுகளும் ஆய்வுக்கான சோதனை நடவுதான்.

முகவர் சொல்லும் அறிவியல் முழுப் பொய்யல்ல. செங்கற்களைப் பிடித்திருக்கும் சாந்து போல மரநார்களைப் பிணைத்திருப்பது லிக்னின். மரத்தின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு அதுவே. அதைக் கரைத்து நாரைப் பிரிப்பதற்காகத்தான் ஆலைகள் மரச்சில்லுகளைக் காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் கலந்த கரைசலில் அழுத்தத்தில் வேகவைக்கின்றன. 2023-இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாப்லர் மரத்தின் மரபணுக்களைத் திருத்தி, லிக்னினைப் பாதியளவு வரை குறைத்துக் காட்டினார்கள். ஆனால் அவை பசுமைக்குடிலில் ஆறு மாதம் வளர்ந்த கன்றுகள். புயல் வீசும் கடலோரத்தில் நின்று காட்டிய சவுக்கு அல்ல. லிக்னின் அளவுக்கு மீறிக் குறைந்தால் தண்டுக்குள் நீரை மேலேற்றும் குழாய்கள் நசுங்கி மரம் குட்டையாகிவிடும் என்பது பழைய ஆய்வுகளிலேயே தெரிந்தது.

நீங்கள் மறுத்தவுடன் முகவர், ‘இது மரபணு மாற்றமல்ல, மரபணுத் திருத்தம், அதற்கு அரசே விலக்கு அளித்துவிட்டது’ என்று பேச்சை மாற்றக்கூடும். மாற்றம் என்பது வேற்றுயிரின் மரபணுவைப் புகுத்துவது, திருத்தம் என்பது செடியின் சொந்த மரபணுவையே மாற்றியமைப்பது. விலக்கு இருப்பது உண்மை. வேற்றுயிரின் மரபணு எதுவும் எஞ்சாத திருத்தங்களுக்கு 2022 மார்ச்சில் மத்திய அரசு சில விதிகளிலிருந்து விலக்கு அளித்தது. ஆயினும் வேற்று மரபணு இல்லை என்பதை உரிய உயிர்ப்பாதுகாப்புக் குழு முன் நிறுவியாக வேண்டும். அதன் பிறகும் ரக வெளியீடு தனியாக நடக்க வேண்டும். 2025 மே மாதம் அவ்வாறு அறிவிக்கப்பட்ட இரண்டுமே நெல் ரகங்கள். ஆகவே அந்த விலக்கை முகவர் எத்தனை முறை எடுத்துக் காட்டினாலும், அவர் கையிலுள்ள சவுக்கு நாற்றுக்கு அது பொருந்தாது.

அவர் தரப்போவது பெரும்பாலும் சாதாரண குளோன் நாற்று, அல்லது விதை நாற்று. குளோன் என்பது நல்ல தாய்மரத்தின் கொழுந்தை வேர்பிடிக்கவைத்து எடுப்பது. அதில் மரபணு எதுவும் மாற்றப்படுவதில்லை. கூடுதல் விலை என்பதையும் நம்ப வேண்டாம். ஆலை வாயிலில் தரும் எடைச்சீட்டில் டன் கணக்குதான் இருக்கும், லிக்னினுக்கென்று ஒரு கட்டம் கிடையாது. நாரின் தரத்தை அளக்கும் ஆய்வகம் வைத்திருக்கும் ஆலைகள்கூட, அந்தத் தரத்துக்கு விவசாயிக்கு ஒரு ரூபாய் கூட்டித் தர முன்வராததும், நல்ல குளோன்களின் பெயர்களை ஊர் ஊராகக் கொண்டுசேர்க்காத அரசு நிர்வாகமுமே இத்தகைய முகவர்களுக்கு வாழ்வு தருகின்றன. நாற்று விற்றவரே அறுவடைக்கு ஒப்பந்தக்காரராக வந்து, பட்டைக்கும் ஈரத்துக்கும் என்று எடையைக் கழிப்பதும் உண்டு. வெட்டுகூலி, ஏற்றுகூலி, எடைக் கழிவு ஆகியவற்றை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனம், மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி ஆகியவற்றில் உங்கள் மண்ணுக்கேற்ற சவுக்குக் குளோனைக் கேளுங்கள். எங்கு வாங்கினாலும் சில நாற்றுகளைக் குப்பியிலிருந்து உருவிப் பாருங்கள்: வெண்ணிற வேர்கள் நேராகக் கீழிறங்கியிருந்தால் நல்லது, அடியில் சுருண்டு பழுப்பேறியிருந்தால் அது தேங்கிய சரக்கு. பில்லில் குளோனின் பெயரை எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.