பணியும் பிணியும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவரின் பதில்கள்

வேலையிடத்து நோய்களையும் காயங்களையும் பற்றி எழுதி அனுப்புமாறு கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் சிலவற்றைச் சுருக்கி, அனுப்பியவர்களின் பெயரைத் தவிர்த்து வெளியிடுகிறோம். தொழில்சார் மருத்துவத்துறை மருத்துவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: என் கணவருக்கு 43 வயது. ஜல்லி கிரஷரில் 17 ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். இருமலும் மூச்சிரைப்பும் வந்ததால் காசநோய் என்று சொல்லி இரண்டு முறை மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிட்டும் இரைப்பு குறையவில்லை. பீடியால் வந்த வினை என்கிறார் கிரஷர் உரிமையாளர். முகத்தில் துண்டு கட்டிக்கொண்டுதான் வேலை செய்கிறார். இனி நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, கரூர் மாவட்டம்

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் நோயைவிட முக்கியமான செய்தி 'ஜல்லி கிரஷரில் 17 ஆண்டுகள்' என்பதுதான். உங்கள் கணவரின் ஓ.பி. சீட்டுகளை எடுத்துப் பாருங்கள். வயது, எடை, இருமல் எத்தனை நாள் என்பதெல்லாம் இருக்கும். செய்யும் தொழில் என்ன என்பது பெரும்பாலும் இராது. நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு அவர் செய்யும் தொழிலையும் கேட்க வேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700-ஆம் ஆண்டிலேயே எழுதினார். கூட்டம் நிரம்பி வழியும் நம் மருத்துவமனைகளில் இன்றும் அந்த ஒரு கேள்வி விட்டுப்போகிறது என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருவது.

கருங்கல்லில் குவார்ட்ஸ் என்ற படிக சிலிகா இருக்கிறது. கல்லை உடைக்கும்போது கண்ணுக்குத் தெரிகிற புழுதி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, சளியோடு வெளியே வந்துவிடும். நுரையீரலின் அடியாழத்தில் உள்ள காற்றறைகள் வரை போவது, ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால் அதில் நான்கைந்து கூறு அளவேயுள்ள, கண்ணுக்குத் தெரியாத தூசிதான். அதை அகற்ற வருகிற வெள்ளணுக்கள் சிலிகாவை விழுங்கிவிட்டுத் தாமே மடிகின்றன. அவை மடிகிற இடமெல்லாம் அழற்சியும் தழும்பும் உண்டாகின்றன. இதுவே சிலிகோசிஸ். பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் தூசியில் உழைத்த பிறகே வெளியில் தெரியும். தூசி மிகக் கடுமையாக இருந்தால் சில ஆண்டுகளிலேயே வந்துவிடும். மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌரில் சிலேட்டில் எழுதும் பலகைக்குச்சி செய்யும் தொழிலாளர்களை 1980-களில் அகமதாபாத் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பரிசோதித்தபோது, பாதிக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் இருந்தது.

சிலிகா படிந்த நுரையீரல் காசநோய்க் கிருமியை எதிர்க்கும் வலுவை இழந்துவிடுவதால், இரு நோய்களும் ஒருவரிடமே சேர்ந்து வருவதும் உண்டு; சிலிகோசிஸின் எக்ஸ்ரே நிழலைக் காசநோய் என்று தவறாகக் கருதுவதும் உண்டு. ஆகவே மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சளியில் கிருமி இருக்கிறதா என்பதை சிபி-நாட் என்ற மரபணுப் பரிசோதனையால் உறுதி செய்யச் சொல்லுங்கள். மார்பு எக்ஸ்ரேயை நுரையீரல் சிறப்பு மருத்துவரிடம் காட்டி, கிரஷர் வேலையைச் சொல்லுங்கள். மேற்பகுதியில் சிறு சிறு மணிகள் போன்ற புள்ளிகளும், நிணநீர்க் கட்டிகளின் விளிம்பில் முட்டை ஓடு போன்ற சுண்ணாம்புப் படிவும் இருக்கின்றனவா என்று அவர் பார்ப்பார். தொழிலையும் ஆண்டுகளையும் சீட்டில் எழுதித் தருமாறு கேளுங்கள். பின்னாளில் இழப்பீடு கோரும்போது அந்த ஒரு வரிதான் சான்றாக நிற்கும்.

பீடி நுரையீரலைக் கெடுக்கும் என்பதில் ஐயமில்லை. அதை அவர் இன்றே விட வேண்டும். ஆனால் சிலிகோசிஸ் பீடியால் வருவதில்லை. துண்டைப் பொறுத்தவரை, அதன் இழைகளுக்கு இடையிலான இடைவெளி இந்தத் தூசிக்கு அகலத் திறந்த வாசல். கல் அரைபடும் இடத்தில் தண்ணீர் தெளிப்பதும், கன்வேயரை மூடி வைப்பதும், தூசியை உறிஞ்சும் குழாய் அமைப்பதும் உரிமையாளரின் கடமை. தரமான முகக்கவசம் இவற்றுக்கு மேலாக வருவதே அன்றி, இவற்றுக்கு மாற்றாகாது. உண்டான தழும்பை நீக்க மருந்து இல்லை. வேலையை விட்ட பிறகும் நோய் வளரக்கூடும். எனவே இயன்ற விரைவில் அவரைத் தூசியில்லாத வேலைக்கு மாற்றுங்கள். சிலிகோசிஸ் சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய். இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் பதிவு பெற்றிருந்தால், அது வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு நிகராகவே கொள்ளப்படும்.

கேள்வி: என் மகள் ஸ்பின்னிங் மில்லில் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் இருக்கிறாள். விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் மட்டும் நெஞ்சை இறுக்குகிறது என்கிறாள். அடுத்த நாள் சரியாகிவிடுகிறது. வேலைக்குப் போக மனமில்லாமல் சொல்கிறாளோ என்று மில் மேற்பார்வையாளர் கேட்கிறார்.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: உங்கள் மகள் சொல்வது உண்மை. அதை அவள் சொல்லும் விதமே நோயின் பெயரைச் சொல்கிறது. பஞ்சுத் தூசியால் வரும் பிஸ்ஸினோசிஸ் என்ற நோய் தொடக்க நிலையில் இப்படித்தான் காட்டிக்கொள்ளும்: விடுப்புக்குப் பிந்தைய முதல் நாள் இறுக்கம், மறுநாள் தணிவு. இங்கிலாந்தின் லங்காஷயர் பஞ்சாலைகளில் ரிச்சர்ட் ஷில்லிங் என்ற மருத்துவர் 1950-களில் இதை ஆராய்ந்து, நோயின் படிநிலைகளை வகுத்தார். முதல் நாள் மட்டும் இறுக்கம் என்பது தொடக்கப் படி. வாரத்தின் பிற நாட்களுக்கும் அது பரவுவது அடுத்த படி. மூச்சுத்திறன் நிரந்தரமாகக் குறைவது கடைசிப் படி. உங்கள் மகள் முதற்படியில் இருப்பதாகத் தோன்றுகிறது. இந்நிலையில் தூசியிலிருந்து விலகினால் பெரும்பாலும் நலம் பெறலாம்.

அடுத்த விடுப்பு முடிந்து வேலைக்குப் போகும் நாளில், ஷிப்டுக்கு முன்பு ஒருமுறையும் ஷிப்டு முடிந்ததும் ஒருமுறையும் ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனையைச் செய்யுங்கள். முதல் விநாடியில் ஊதும் காற்றின் அளவு மாலையில் தெளிவாகக் குறைந்திருந்தால், மேற்பார்வையாளரின் ஐயத்துக்கு அதைவிடச் சிறந்த பதில் இல்லை. ப்ளோ ரூமும் கார்டிங்கும்தான் மில்லில் தூசி மிகுந்த பிரிவுகள். வைண்டிங், பேக்கிங் போன்ற தூசி குறைந்த பிரிவுக்கு மாற்றித் தருமாறு மருத்துவச் சான்றுடன் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: ஒரு நோய் வேலையால்தான் வந்தது என்பதை ஆய்வாளர்கள் எப்படி முடிவு செய்கிறார்கள்? அதே வேலையைச் செய்யும் எல்லோருக்கும் வருவதில்லையே?
– பொதுச் சுகாதாரம் பயிலும் மாணவர், மதுரை

பதில்: ஒரு தொழிலாளர் கூட்டத்தை, மற்ற வகைகளில் அவர்களை ஒத்த, ஆனால் அந்த வேலையைச் செய்யாத இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிடுவதே அடிப்படை வழி. அந்த ஒப்புமை சரியாக அமைவதில்தான் ஆய்வின் கடினம் முழுவதும் இருக்கிறது. லண்டன் பேருந்துகளைப் பற்றி பிரிட்டன் ஆய்வாளர் ஜெரி மாரிஸ் குழுவினர் 1953-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பாடம். ஒரே பேருந்து, ஒரே நகரம், ஏறத்தாழ ஒரே வகைக் குடும்பப் பின்னணி. ஆனால் நாள் முழுவதும் உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. உடலுழைப்பு இதயத்தைக் காக்கிறது என்று அதோடு முடித்திருக்கலாம். மாரிஸ் அப்படி முடிக்கவில்லை. 1956-இல் சீருடை தைத்த அளவுக் குறிப்புகளை எடுத்து ஆராய்ந்தார். ஓட்டுநர்களின் இடுப்பளவு நடத்துநர்களுடையதைவிடக் கூடுதலாக இருந்தது. இளவயதினரிடமும் அந்த வேறுபாடு தெரிந்தது. அப்படியானால் வேலை அவர்களைப் பருமனாக்கியதா, பருமனானவர்கள் அந்த வேலைக்கு வந்தார்களா என்ற கேள்வி எழுகிறது. தன் முடிவையே இப்படிச் சந்தேகித்துப் பார்ப்பவரின் ஆய்வையே நான் நம்புவேன்.

எல்லோருக்கும் ஏன் வருவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். தூசியின் அளவு, உழைத்த ஆண்டுகள், உடல்வாகு எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். இதைவிட நுட்பமான காரணம் ஒன்றும் உண்டு. நோயுற்றவர் வேலையை விட்டுப் போய்விடுகிறார். ஆய்வாளர் போகும் நாளில் தறியருகிலும் சூளையருகிலும் நிற்பவர்கள் தாக்குப்பிடித்தவர்கள் மட்டுமே. அவர்களை மட்டும் பரிசோதித்தால் அந்த வேலை பாதுகாப்பானது என்றே தோன்றும். வேலையை விட்டவர்களை ஊர் ஊராகத் தேடிப் போகாத ஆய்வு பாதி ஆய்வுதான். காலமும் நம்மை ஏமாற்றும். லண்டனில் புகைக்கூண்டு துப்புரவு செய்தவர்களுக்கு விதைப்பையில் புற்றுநோய் வருவதை அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775-இல் கண்டு எழுதினார். சிறுவயதில் ஒட்டிய புகைக்கரி, பல ஆண்டுகள் கழிந்து வளர்ந்த ஆளிடம் புற்றாக வெளிப்பட்டது.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட கூட்டு மதிப்பீடு, 2016-இல் வேலை தொடர்பான காரணங்களால் சுமார் 19 லட்சம் பேர் இறந்ததாகக் கூறுகிறது. அவற்றில் 81 சதவீதம் நோய்களால் நிகழ்ந்தவை. விபத்துக் காயங்களால் நிகழ்ந்தவை எஞ்சிய 19 சதவீதமே. காரணங்களில் முதலிடம் பெற்றது ரசாயனமோ இயந்திரமோ அல்ல, வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பது. அதனால் வந்த மாரடைப்பும் பக்கவாதமும் ஏறக்குறைய ஏழரை லட்சம் உயிர்களைக் கொண்டுபோயின. விபத்து செய்தியாகிறது, வீட்டுக் கட்டிலில் நிகழும் இந்த மரணங்கள் எந்தத் தொழிற்சாலையின் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

கேள்வி: உப்பளத்தில் வேலை செய்கிறேன். கோடையில் சிறுநீர் மஞ்சளாகச் சொட்டுச் சொட்டாகப் போகிறது, எரிச்சலும் உண்டு. உடம்பு வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். இது வெயிலின் சூடுதானே, தானாகச் சரியாகிவிடுமா?
– வாசகி, வேதாரண்யம்

பதில்: அம்மா, இதைச் சூடு என்று விட்டுவிடாதீர்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தார்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேர், பரிந்துரைக்கப்பட்ட வரம்பைவிடக் கூடுதலான வெப்பத்தில் உழைத்தார்கள். 7 சதவீதத்தினரிடம் சிறுநீரகச் செயல்திறன் குறைந்திருந்தது. பாத்தியில் தேங்கிய உப்புநீரும் வெள்ளை உப்பும் வெயிலைத் திருப்பியடிப்பதால், மேலிருந்தும் கீழிருந்தும் வெப்பம் உடலைத் தாக்குகிறது. அளத்தில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள்; சிறுநீரகத்துக்குக் கேடு அங்கேதான் தொடங்குகிறது.

கடையில் வாங்கும் வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். உடலில் நீர் வற்றியிருக்கும் வேளையில் டைக்ளோபினாக், புரூபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தை மேலும் குறைத்துவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீர்ப் பரிசோதனையும் ரத்தத்தில் கிரியேட்டினின் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் கால் மணிக்கு ஒருமுறை சிறிதளவு தண்ணீர் குடியுங்கள். நிழற்கூரையும் கழிப்பறையும் அமைத்துத் தர வேண்டியவர் அளத்தின் உரிமையாளர். கழிப்பறையையும் மருத்துவக் கோரிக்கை என்றே சொல்லிச் சேர்ந்து கேளுங்கள்.

உங்களோடு வேலை செய்பவர்களில் கருவுற்றிருப்பவர்கள் இருந்தால் அவர்களிடமும் ஒன்று சொல்லுங்கள். அதே நிறுவனத்தினர் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து நடத்திய ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு இரு மடங்காக இருந்தது.

கேள்வி: ஜவுளிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்றபடியே விற்பனை. காலில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கிறது. உட்கார்ந்தால் திட்டுகிறார்கள்.
– வாசகி, சென்னை

பதில்: உட்காரும் உரிமை உங்களுக்குச் சட்டம் தந்தது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ஊழியர்கள் அனைவருக்கும் இருக்கை வசதி தர வேண்டும். கேரளத்தில் 2018-லேயே இது வந்துவிட்டது. புகாரைத் தொழிலாளர் துறைக்கு எழுதலாம். நீங்கள் நரம்பு என்று எழுதியிருப்பவை சிரைகள் என்ற ரத்தக் குழாய்கள்; புடைத்த சிரைகளுக்கு அழுத்தக் காலுறை உதவும். தோல் கருத்தாலோ புண் வந்தாலோ தாமதிக்காமல் அறுவை மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: என் தம்பிக்கு, தகட்டை அடித்து வடிவமைக்கும் பவர் பிரஸ்ஸில் இரண்டு விரல்கள் போய்விட்டன. அவனுடைய கவனக்குறைவுதான் காரணம், இழப்பீடு கிடையாது என்கிறது நிறுவனம்.
– வாசகர், ஓசூர்

பதில்: கவனக்குறைவு என்ற ஒன்றைக் காட்டி இழப்பீட்டை மறுக்கச் சட்டம் இடந்தரவில்லை. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமும், 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் முதலாளியின் தவறை நிரூபிக்கச் சொல்லவில்லை. வேலை காரணமாக, வேலையின்போது நேர்ந்த காயம் என்பதே போதுமானது. மது அருந்தியிருந்தது, பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே அகற்றியது போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. உங்கள் தம்பி இ.எஸ்.ஐ.யில் இருந்தால் நிறுவனத்திடம் கேட்க வேண்டியதே இல்லை. குணமாகும்வரை ஊதியத்தில் 90 சதவீதமும், நிரந்தர இழப்பு மதிப்பிடப்பட்ட பிறகு அதற்கேற்ற மாதத் தொகையும் இ.எஸ்.ஐ. கழகமே தரும்.

அந்த இயந்திரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்களை இரு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அடி விழும்படி அமைப்பது, விரல் உள்ளே இருக்கும்போது இயங்காமல் காப்பதற்காக. பல பட்டறைகளில் ஒரு பொத்தானில் குச்சியைச் செருகியோ டேப் ஒட்டியோ நிரந்தரமாக அழுத்தி வைத்துவிட்டு, ஒரு கையால் தகட்டை வைத்து எடுத்துக்கொண்டே மறு கையால் அடிக்கிறார்கள். மணிக்கு இத்தனை உருப்படி என்ற கணக்கு அதற்குக் காரணம். அந்தக் கணக்கை வகுத்தது உங்கள் தம்பி அல்லவே. அந்தக் குச்சியை மேற்பார்வையாளர் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

இயந்திரத்தை மாற்றுவதற்கு முன், உடன் வேலை செய்பவர்கள் மூலம் பொத்தான்களும் காப்புத் தடுப்பும் இருந்த நிலையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விபத்து அறிக்கையை நிறுவனம் இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு அனுப்பியதா என்று கேட்டு, நகல் வாங்குங்கள். அனுப்பாவிட்டால் நீங்களே எழுத்தில் தெரிவியுங்கள். மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் 'வீட்டில் கதவில் நசுங்கியது' என்பது போல ஏதேனும் எழுதப்பட்டிருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அப்படி இருந்தால், பவர் பிரஸ்ஸில் வேலை செய்தபோது நேர்ந்தது என்று திருத்தித் தருமாறு தேதியிட்ட மனு கொடுத்து, அதன் ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள்.