ஆறா, ஏழா? பழைய யூனிக்ஸில் எதை ஓட்டிப் பார்ப்பது

கேள்வி: பழைய கணினிகளைப் போலவே நடிக்கும் சிம்ஹெச் எமுலேட்டரில், பெல் லேப்ஸ் காலத்து யூனிக்ஸ் இயங்குதளத்தை ஓட்டிப் பார்க்க ஆசை. ஆறாம் பதிப்பு 1975, ஏழாம் பதிப்பு 1979 என்று போட்டிருக்கிறது. நாலு வருஷத்தில் அப்படி என்ன மாறியிருக்கும்? லினக்ஸ் டெர்மினல் எனக்குப் பழக்கம்தான்.

பதில்: உட்கார்ந்து வேலை செய்து பார்க்க ஏழு. இயங்குதளத்தின் மையமான கெர்னலை வரி வரியாகப் படிக்க ஆறு. இரண்டையும் ஒரே நாளில் ஓட்டினால் வித்தியாசம் முகத்தில் அடிக்கும்.

லினக்ஸ் பழகிய கைக்கு ஏழில் பெரும்பாலும் தெரிந்த முகங்கள்தான். ஸ்டீவ் போர்ன் எழுதிய ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்), ஆக், மேக், டார் கருவிகள், சூழல் மாறிகள் எல்லாம் வெளியுலகத்துக்குப் பரவலாகப் போய்ச் சேர்ந்தது இந்தப் பதிப்போடுதான். ஆறில் டைரக்டரி மாற்ற ‘சிடி’ என்று தட்டிப் பாருங்கள், அப்படி ஒன்றே கிடையாது என்று சொல்லிவிடும்; ‘சிஎச்டிஐஆர்’ என்று ஐந்து எழுத்தையும் அடிக்க வேண்டும். கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் மாறியும் இல்லை, இருக்கிற டைரக்டரி, பின், யூசர் பின் என்று தேடும் இடங்கள் ஷெல்லுக்குள்ளேயே எழுதி வைத்தாயிற்று.

ஆனால் ஆறின் ஷெல்லில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம் உண்டு. கென் தாம்ப்சன் எழுதிய அந்த ஷெல்லுக்கு நிபந்தனை பார்க்கும் ‘இஃப்’, வேறு வரிக்குத் தாவும் ‘கோட்டு’ எதுவும் தெரியாது, அவை வெளியே தனித்தனி நிரல்கள். வெளியே இருக்கும் நிரல் எப்படி ஷெல்லை வேறு வரிக்குத் தாவ வைக்கும் என்று கேட்பீர்கள். ஷெல் தன் ஸ்கிரிப்டை ஸ்டாண்டர்ட் இன்புட்டாகத் திறந்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்துக்கொண்டு போகிறது. நடுவில் ‘கோட்டு’ வந்தால் அந்த நிரல் கிளம்பி, அதே கோப்பை முதலிலிருந்து துழாவி, முக்காற்புள்ளியில் தொடங்கும் லேபிள் வரியைக் கண்டுபிடித்து, படிக்கும் இடத்தை அங்கே நகர்த்தி வைத்துவிட்டு முடிந்துபோகிறது. இரண்டு பிராசஸுக்கும் ஆஃப்செட் (கோப்பில் படிக்கும் இடம்) ஒன்றுதான் என்பதால், ஷெல் ஒன்றும் அறியாமல் புது இடத்திலிருந்து படிப்பைத் தொடரும். குறுக்குவழிதான், ஆனால் என்ன அழகான குறுக்குவழி! ஏழில் போர்ன் ஷெல் வந்ததும் இஃப், ஃபார், வைல் எல்லாம் ஷெல்லுக்குள்ளேயே வந்துவிட்டன, இந்த வித்தைக்கு வேலையில்லாமல் போயிற்று.

யூனிக்ஸ் எழுதப்பட்ட சி மொழியும் நடுவில் வளர்ந்துவிட்டது. ஆறின் கெர்னலில் கூட்டிப் போடுவதை =+ என்று எழுதியிருப்பார்கள். ‘எக்ஸ் =-1’ என்றால் எக்ஸில் ஒன்றைக் கழிப்பதா, மைனஸ் ஒன்றை வைப்பதா என்ற குழப்பம் வருமே, அதனால்தான் += என்று திருப்பிப் போட்டார்கள். ஆறில் கோப்புக்குள் நகரும் ‘சீக்’ அழைப்பு 16 பிட் எண்ணைத்தான் வாங்கும், பெரிய கோப்பு என்றால் 512 பைட் பிளாக்குகளாகக் கணக்குப் போட்டு நகர வேண்டும். ஏழில் 32 பிட் எண்ணோடு ‘எல்சீக்’ வந்து இந்தத் தொல்லையைத் தீர்த்தது. கடவுச்சொல்லைக் குறியாக்கும்போது சால்ட் எனும் தற்செயல் எழுத்துகளைச் சேர்ப்பதும் ஏழில்தான்.

இவ்வளவு சேர்ந்ததில் ஏழு கனத்துவிட்டது. டெக் நிறுவனத்தின் சிறு கணினியான பிடிபி-11/40-இல் ஓடியது ஆறு. ஏழின் டேப் 11/45, 11/70 இயந்திரங்களுக்கென்றே வந்தது. படிக்க ஆறு என்று நான் சொல்வதற்கு இதுவும் காரணம். சுமார் 9,000 வரிதான் கெர்னல், பொறுமை இருந்தால் ஒரு ஆள் முழுசாக மனசில் வைத்துக்கொள்ளலாம். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் லயன்ஸ் இதற்கு வரிக்கு வரி உரை எழுதிப் பாடம் நடத்தினார். ஏழின் உரிமத்தில் மூலநிரலை வகுப்பில் வைத்துப் பாடம் நடத்தக் கூடாது என்று போட்டுவிட்டார்கள், அந்தக் கடுப்பில்தான் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாம் 1987-இல் மினிக்ஸ் என்ற பாட இயங்குதளத்தை எழுதி வெளியிட்டார். இன்றும் எம்ஐடி மாணவர்கள் படிக்கும் எக்ஸ்வி6 என்ற சிறு இயங்குதளம், ஆறாம் பதிப்பின் வழியில் எழுதியதுதான்.

கேள்வி: இவற்றை இறக்கிக்கொள்வதில் உரிமச் சிக்கல் உண்டா? ஓட்டும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது?

பதில்: கால்டெரா நிறுவனம் 2002-இல் ஏழு வரையிலான பதிப்புகளைத் திறந்த உரிமத்தில் விட்டுவிட்டது, தைரியமாக இறக்கலாம். ஓட்டும்போது பேக்ஸ்பேஸ் வேலை செய்யவில்லை என்று பதறாதீர்கள். இரண்டு பதிப்பிலும் ஓர் எழுத்தை அழிக்க #, முழு வரியையும் அழிக்க @. மின்னஞ்சல் முகவரி அடித்துப் பார்த்தீர்கள் என்றால் பாதி காணாமல் போகும்! நிறுத்தும்போது எமுலேட்டர் ஜன்னலைச் சட்டென்று மூடிவிடாமல் நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்கில் எழுதும் ‘சிங்க்’ கட்டளையைக் கொடுங்கள், அப்புறம் கன்ட்ரோல்-ஈ அழுத்தி வெளியே வாருங்கள். இல்லையென்றால் டிஸ்க் கோப்பு கெட்டு, முதலிலிருந்து நிறுவ வேண்டிவரும்.