நாயையும் கூட்டிக்கொண்டு கிண்டி தேசியப் பூங்காவுக்குப் போகலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். சிப்பிப்பாறை நாய் வளர்க்கிறேன், ஊசியெல்லாம் ஒழுங்காகப் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிண்டிக்குப் போகும்போது அதையும் கூட்டிப் போகலாமா? வெளிநாட்டில் விடுகிறார்களே, இங்கே மட்டும் ஏன் கூடாது?

பதில்:

முடியாது. சிறுவர் பூங்கா கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். அதைத் தாண்டி இருக்கும் காட்டுப் பகுதிக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நாமே போக முடியாது, அப்புறம்தானே நாய்.

வெளிநாட்டுக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். ரீல்ஸில் வருவது பெரும்பாலும் அமெரிக்கா. அங்கேயும் பூங்காவுக்குப் பூங்கா விதி வேறு. கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் ஆறடிக்கு மிகாத கயிற்றில் கட்டி நடத்தலாம், பள்ளத்துக்குள் இறக்கக் கூடாது. யெல்லோஸ்டோனில் ரோட்டை ஒட்டியும் வண்டி நிறுத்தும் இடத்திலும் கூடாரம் போடும் இடத்திலும் மட்டும்தான், நடைபாதைப் பக்கமே கூடாது. இத்தனைக்கும் யெல்லோஸ்டோன் ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர். நம் கிண்டி 2.7.

அந்த 2.7-ஐக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஆளுநர் மாளிகை, ஒரு பக்கம் ஐஐடி, சுற்றிலும் மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் பஸ் போகிறது. அதற்குள்தான் புள்ளிமானும் வெளிமானும் நரியும் இருக்கின்றன. முதுமலையில் நாயைக் கண்ட மான் நாலு மலை தாண்டி ஓடிவிடும். கிண்டி மான் எங்கே ஓடும்? பக்கத்து ஐஐடி வளாகத்தில் நாய்கள் மான்களைக் கடித்துக் கொன்றதும், நாய்களைப் பிடித்து அடைத்ததும், அதற்கு எதிர்ப்பு கிளம்பி விவகாரம் கோர்ட் வரை போனதும் நீங்கள் பேப்பரில் படித்திருப்பீர்கள்.

‘என் நாய் கடிக்காது’ என்று நம்மில் எல்லோரும் சொல்வோம். கடிக்க வேண்டியதே இல்லை. பயந்து தலைதெறிக்க ஓடிய மானுக்குத் தசை சிதைந்து, ரத்தத்தில் அமிலம் ஏறி, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ செத்துப்போவது உண்டு. மான்களைப் பிடித்து இடம் மாற்றும் வேலையில் கால்நடை டாக்டர்கள் அதிகம் பயப்படுவதே இதற்குத்தான். சிறுவர் பூங்காவில் கம்பிவேலி ஓரம் கொஞ்ச நேரம் நின்றால் உங்களுக்கே புரியும். வெளியே ரோட்டில் எங்கோ ஒரு தெருநாய் குரைக்கும். மேய்ந்துகொண்டிருந்த புள்ளிமான்கள் அத்தனையும் ஒரே நொடியில் தலையைத் தூக்கும், வால் விறைத்து நிற்கும், முன்னங்காலால் ஒன்று தரையைத் தட்டும். வாயில் இருக்கும் புல்லை மெல்லக்கூட மாட்டா. குரைப்பு நின்ற பிறகும் வெகுநேரம் அப்படியே நிற்கும்.

அதிலும் உங்களிடம் இருப்பது சிப்பிப்பாறை. தெற்கே முயல் வேட்டைக்கென்றே வளர்த்த இனம். மோப்பத்தைவிடக் கண்தான் அதற்கு முதலில் வேலை செய்யும், அசைவதைப் பார்த்தால் கால் தானாகக் கிளம்பிவிடும். என் வீட்டிலும் சிப்பிப்பாறைக் கலப்பு ஒன்று இருக்கிறது, மணி என்று பெயர். வீட்டில் பரம சாது. எண்ணூர் முகத்துவாரத்தில் ஒரு கொக்கு எழும்பினால் போதும், ‘மணி’ என்று கூப்பிட்டாலும் காதில் விழாது, கயிறு என் உள்ளங்கையை உரசிச் சிவக்க வைத்துவிட்டுத்தான் அடங்கும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 ‘வேட்டை’ என்று சொல்வதில் கொல்வது மட்டும் இல்லை, விரட்டுவதும் துரத்துவதும் அதற்கு முயற்சி செய்வதும் அடக்கம். வெளிமான் அதில் அதிகப் பாதுகாப்பு உள்ள முதல் அட்டவணை. 3 வருடத்துக்குக் குறையாத சிறை உள்ள சமாச்சாரம்.

அடுத்தது ஊசி. ஒழுங்காகப் போட்டிருக்கிறீர்கள், நல்ல விஷயம், ஆனால் அது பாதிப் பதில்தான். வெறிநோய், டிஸ்டெம்பர், பார்வோ மூன்று வைரஸ் நோயும் நாயிடமிருந்து நரிக்குப் போகக்கூடியவை. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஊசி போட்ட நாய்க்கு அது பெரும்பாலும் வராது, ஆனால் தெருவில் மிதித்ததைப் பாதத்தில் கொண்டுபோகும். டிஸ்டெம்பர் என்ன செய்யும் என்பதற்கு 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் ஒரு மாதத்துக்குள் இருபதுக்கும் மேல் சிங்கங்கள் செத்ததே சாட்சி. 1994-இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் மூன்றில் ஒரு பங்கு சிங்கங்கள் போயின, அங்கே சுற்றுவட்டார ஊர் நாய்களிடமிருந்து வந்தது என்றுதான் ஆய்வாளர்கள் சொன்னார்கள். திரும்பி வரும் வழியும் உண்டு. காட்டில் இருந்து உண்ணியும், தேங்கிய தண்ணீரில் இருந்து எலிக்காய்ச்சலும் உங்கள் நாய்க்கு வரும்.

ஆகவே அன்றைக்கு நாய் வீட்டிலேயே இருக்கட்டும். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்து மதியம் தண்ணீர் மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னால் போதும், அரை நாள் விஷயம்தானே. ‘கூட்டிப்போய் காரிலேயே விட்டுவிட்டு ஒரு சுற்று வந்துவிடலாம்’ என்று மட்டும் நினைக்காதீர்கள். வெளியே 35 டிகிரி என்றால், கண்ணாடி ஏற்றிய காருக்குள் அரை மணி நேரத்தில் 50 டிகிரியைத் தொட்டுவிடும்.

கிண்டி இல்லையென்றால் பழவேற்காடு என்று உடனே தோன்றும், நமக்குப் பக்கம் வேறு. ஆனால் அதுவும் பறவைகள் சரணாலயம். பூநாரை வரும் மாதங்களில் ஏரிக்கரையில் நாயை அவிழ்த்துவிட்டால் ஆயிரம் பறவை ஒரே நேரத்தில் எழும்பும். பார்க்க அழகாக இருக்கும், வீடியோவுக்கு லைக்கும் விழும். அவ்வளவு தூரம் பறந்து வந்து இரை எடுக்க இறங்கியதை ஒவ்வொரு முறையும் கிளப்பிவிட்டால் அது எப்போது தின்னும்?

நாயோடு வெளியே போக வேண்டும் என்றால் நமக்குக் கடல்தான். திருவொற்றியூர் பக்கம் மணல் இருக்கும் இடமாகப் பார்த்து, வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். காசிமேட்டை விடிகாலையில் தவிர்ப்பது நல்லது, ஏலம் நடக்கும் நேரத்தில் மனுஷனுக்கே நிற்க இடம் இருக்காது. கரையில் உங்கள் கண் தரையிலேயே இருக்கட்டும். வலையில் சிக்கி வேண்டாம் என்று வீசிய பேத்தை மீன் கிடக்கும், பந்து மாதிரி உப்பிக்கொண்டு, வெள்ளை வயிறும் கொஞ்சம் முள்ளுமாக. அதைத்தான் நாய் முதலில் கவ்வும். அதன் ஈரலிலும் முட்டையிலும் தோலிலும் இருக்கும் விஷத்துக்கு மாற்று மருந்தே கிடையாது. நாய் தள்ளாடினாலோ எச்சில் ஒழுக்கினாலோ வீட்டுக்குப் போகாமல் நேராக வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்கு வண்டியை விடுங்கள். கெளுத்தி முள், அறுந்த தூண்டில், நைலான் வலைத்துண்டு எல்லாம் இதற்கு அடுத்துதான். எண்ணூர்ப் பக்கம் என்றால் மண்ணில் கறுப்பாகப் பிசுக்கு தெரிகிற இடத்தில் நடத்தவே வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் பரவியபோது கூழைக்கடாக்கள் இறக்கை ஒட்டிக்கொண்டு நின்றதை நாம் பார்த்தோம்.

ஜனவரியில் இருந்து ஏப்ரல் வரை இரவில் கடற்கரைக்கு நாயைக் கொண்டுபோகாதீர்கள், பகலிலும் கயிறு வேண்டும். பங்குனி ஆமை முட்டையிடும் காலம் அது. மணலுக்கு அடியில் இருக்கும் முட்டையை நாய் வாசம் பிடித்துத் தோண்டிவிடும்.

காடு மாதிரி இடம்தான் வேண்டும் என்றால் ஏற்காடு, ஏலகிரி பக்கம் நாயை அனுமதிக்கும் தங்குமிடங்கள் இருக்கின்றன. புக் செய்யும் முன் போனில் கேட்டு உறுதி செய்யுங்கள், தடுப்பூசி அட்டையும் மாநகராட்சி உரிமமும் கையில் இருக்கட்டும். ஊட்டி, வால்பாறை என்றால் பொழுது சாய்ந்த பிறகு நாயை வாசலில்கூடக் கட்டாதீர்கள். சிறுத்தைக்கு நாய் ரொம்பப் பிடித்த இரை, வீட்டு முற்றம் வரை வந்து தூக்கிப்போகும். கக்கூஸுக்கு வெளியே விட வேண்டும் என்றாலும் லைட் போட்டு, கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நீங்களே கூடப் போய்வாருங்கள்.