அமெரிக்க ஹைஸ்கூல் ஃபுட்பாலில் 'டிஃபென்ஸ்தான் ஜெயித்துக் கொடுத்தது' என்கிறார்களே, அது எப்படி?

கலிபோர்னியாவுக்கு வந்த புதிதில் எனக்கும் இதே சந்தேகம்தான். பக்கத்து வீட்டுப் பையன் ஹைஸ்கூல் அணியில் ஆடினான். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டம் என்றால் தெருவே கிளம்பிப் போகும், நானும் போவேன். பந்து யார் கையில் இருக்கிறது என்று தேடுவதற்குள் பத்துப் பேர் குவியலாகக் கிடப்பார்கள். பையனுக்கு டிஃபென்ஸ் லைனில், அதாவது எதிரணியைத் தடுக்கும் முன்வரிசையில், நடு இடம். "உங்கள் மகன் பந்தைத் தொடவே இல்லையே" என்று ஒருநாள் அவன் அப்பாவிடம் கேட்டேவிட்டேன். சிரித்தார். "அடுத்த தடவை பந்தை விட்டுவிட்டு அவனை மட்டும் பாருங்கள்."

பார்த்தேன். ஆட்டம் தொடங்கியதும் எதிரணித் தடியன்கள் இரண்டு பேர் அவனை அமுக்கினார்கள். அவன் யாரையும் பிடிக்கவில்லை. நின்ற இடத்தைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அவன் ஒருவனுக்கே இரண்டு பேர் செலவாகிவிட்டதால், பின்னால் இரண்டாம் வரிசையில் நின்ற லைன்பேக்கர் என்ற தடுப்பாட்டக்காரனை மறிக்க ஆளில்லை. அந்த லைன்பேக்கர் ஓடிவந்து பந்துக்காரனைச் சாய்த்தான். மைக்கில் லைன்பேக்கர் பெயரைத்தான் சொன்னார்கள்!

கணக்கு எளிது. நாலு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேறாவிட்டால் பந்து கைமாறும். முதல் முயற்சியில் இரண்டு யார்டோடு நிறுத்திவிட்டால் எதிரணிக்கு நெருக்கடி; அநேகமாகப் பந்தை வீசித்தான் ஆக வேண்டும், நாமும் தயாராக நிற்கலாம். இதற்குப் பதினோரு பேரும் அவரவர் பொறுப்பைக் காக்க வேண்டும். முன்வரிசையில் நிற்பவர்களுக்கு அது ஒரு 'கேப்', அதாவது இடைவெளி. ஆர்வக்கோளாறில் ஒருவன் அதை விட்டு நகர்ந்தால் அந்த வழியாகவே பந்து போகும். கபடியில் ஒருவர் முந்திப் பாய்ந்து செயின் அறுந்ததும் ரெய்டர் நழுவுவாரே, அப்படி.

இதற்கு எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்லும் உதாரணம் கான்கார்டு நகரத்து டி லா சால் பள்ளி. பாப் லடூசர் 1979இல் பயிற்சியாளராக வரும்வரை அந்த அணிக்குத் தோல்வியைவிட வெற்றி அதிகமான ஒரு சீசன்கூடக் கிடையாது. அப்புறம் 1992 முதல் 2003 வரை தொடர்ந்து 151 வெற்றி. அதற்கு முந்தைய தேசிய சாதனை 72தான். 2001இல் நாட்டின் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் நடந்த மோதலில், தங்களைவிட உடல் கட்டான லாங் பீச் பாலி அணியை 29-15 என்று வென்றார்கள்.

எனக்கு அதில் பிடித்தது ஸ்கோர் அல்ல, ஒரு அட்டை. ஆட்டத்துக்கு முந்தைய இரவு சேர்ந்து சாப்பிட்டுவிட்டு, நாளை என்ன செய்வேன் என்று ஒவ்வொருவனும் சிறிய அட்டையில் எழுதி, அணித்தோழன் ஒருவன் கையில் கொடுப்பான். செய்தானா என்று கேட்பது அந்தத் தோழனின் வேலை. பயிற்சியாளரிடம் சாக்குச் சொல்லலாம், கூட ஆடுபவனிடம் முடியுமா?

2004இல் சியாட்டிலில் அந்த வெற்றித் தொடரை முடித்துவைத்தது (39-20) பெல்வியூ என்ற பள்ளி. அவர்கள் ஆடியது 'விங்-டி' முறை: பந்து யாரிடம் இருக்கிறது என்று ஏமாற்றி, தடுப்பவனை அவன் இடத்திலிருந்து கிளப்புவதே அதன் சாமர்த்தியம்.

பக்கத்து வீட்டுப் பையன் கடைசி வருடம் ஒரே ஒருமுறை, எதிரணி நழுவவிட்ட பந்தின்மேல் விழுந்து அதைக் கைப்பற்றினான். மைதானமே கத்தியது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாவது குவார்ட்டரில் அவன் கேப்பை விட்டு வெளியே வந்ததைத்தான் சொல்லிச் சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தார்.