டியூக்ஸ்பரியில் ஆற்றோரம் வீடு எடுக்கலாமா?

தம்பி, இங்கிலாந்தின் செல்ட்னத்தில் வேலை கிடைத்திருக்கிறது, பக்கத்து ஊரான டியூக்ஸ்பரியில் ஆற்றோரமாக ஒரு வீடு மலிவான வாடகைக்கு வருகிறது, 2007 வெள்ளப் படங்களைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது, போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த வருடம் நான் செல்ட்னத்தில்தான் இருந்தேன்.

செவர்ன் ஆறும் ஏவன் ஆறும் கூடுகிற ஊர் டியூக்ஸ்பரி. குளிர்காலத்தில் ஆற்றங்கரைப் புல்வெளி முழுகுவது அங்கே செய்தியே இல்லை. 1947 மார்ச்சில் வந்தது பனி உருகிய வெள்ளம். 2007இல் வந்ததோ நடுக்கோடையில்! ஜூலை 20, வெள்ளிக்கிழமை கொட்டித் தீர்த்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊர் தீவாகிவிட்டது. 12ஆம் நூற்றாண்டு அபே தேவாலயம் மேட்டில் நிற்க, சுற்றிலும் பழுப்புத் தண்ணீர். நீங்கள் பார்த்த படம் அதுவாகத்தான் இருக்கும். ஊரில் மூன்று பேர் இறந்தார்கள்.

எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. குழாயிலும் வரவில்லை. செவர்ன் கரையில் இருந்த மைத் சுத்திகரிப்பு நிலையம் மூழ்கி, சுமார் 3.5 லட்சம் பேருக்குத் தண்ணீர் நின்றுபோனது. தெருமுனையில் பவுசர் என்று ஒரு தொட்டியை வைத்தார்கள். லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்று வளர்ந்தவன் நான், எவர்சில்வர் குடத்தோடு போய்விட்டேன். சமையல் பானைகளோடு வந்திருந்த பக்கத்து வீட்டுப் பாட்டி, குடத்தின் கழுத்தைத் தடவிப் பார்த்து, "இதனால்தான் உனக்குச் சிந்தவில்லையா?" என்றார். கழிப்பறைக்கு மழைத் தண்ணீர். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம் என்று சொல்ல 17 நாள் ஆனது.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். ஆறு எவ்வளவு தூரம் என்று மட்டும் பார்க்காதீர்கள். அரசின் இணையதளத்தில் போஸ்ட்கோடைப் போட்டால் ஆற்று வெள்ள அபாயமும் மழைநீர் தேங்கும் அபாயமும் தனித்தனியாக வரும். முன்பு எந்த உயரம் வரை தண்ணீர் ஏறியது என்று வீட்டு உரிமையாளரிடம் நேராகக் கேளுங்கள். வீடு பார்க்கும்போது சுவரையும் கவனியுங்கள்: பிளக் பாயின்டெல்லாம் இடுப்பு உயரத்தில் இருந்தால், அது வெள்ளம் கண்ட வீடாக இருக்கலாம். மாடி என்றால் நான் யோசிக்காமல் எடுப்பேன். தரைத்தளமென்றால் முன்பணம் கட்டும் முன்பே காப்பீட்டு விலையைக் கேட்டுவிடுங்கள். உரிமையாளரின் காப்பீடு கட்டடத்துக்குத்தான். உங்கள் கட்டிலும் டிவியும் உங்கள் பொறுப்பு. 2009க்கு முன் கட்டிய வீடுகளுக்கு, 2016இல் வந்த ஃபிளட் ரீ என்ற, காப்பீட்டு நிறுவனங்களின் வெள்ளச் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டால் காப்பீட்டுக் கட்டணம் ஓரளவு கைக்கு அடங்கும்.

குடிபோன அன்றே வெள்ள எச்சரிக்கைக்குப் பதிவு செய்துவிடுங்கள். இலவசம்தான், போனுக்கே வரும்.