இருமலே இல்லை, நெஞ்சு ஸ்கேன் எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. பீடி பிடிப்பார், 5 வருடம் முன்பு விட்டுவிட்டார். 2 மாதமாகச் சோறு, இட்லியெல்லாம் நெஞ்சில் நிற்கிறது, தண்ணீர் குடித்தால்தான் இறங்குகிறது என்கிறார். கஞ்சி போகிறது. கேஸ் மாத்திரையில் குறையவில்லை. எண்டோஸ்கோப்பியில் புண்ணோ கட்டியோ இல்லை, வெளியிலிருந்து ஏதோ அழுத்துகிறது, நெஞ்சு சி.டி. எடுங்கள் என்கிறார்கள். இருமலே இல்லாதவருக்கு அது எதற்கு?

பதில்: அந்த எண்டோஸ்கோப்பி டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் அம்மா. உணவுக்குழாய் தொண்டையிலிருந்து நேராக வயிற்றுக்குப் போய்விடுவதில்லை, இரண்டு நுரையீரலுக்கும் நடுவில், மூச்சுக்குழாய்க்குப் பின்னால், இதயத்தை உரசிக்கொண்டு சுமார் 25 செ.மீ. இறங்குகிறது. அந்த இடுக்கில் நிணநீர்க் கட்டிகளும் (நம் ஊரில் நெறிக்கட்டி என்போமே, அதேதான்) இருக்கின்றன. நுரையீரலில் புற்றுநோய் இருந்து அது இந்தக் கட்டிகளுக்குப் பரவினால், அவை வீங்கிக் குழாயை வெளியிலிருந்து நெரிக்கும். உள்தோல் வழவழவென்று நன்றாகத்தான் இருக்கும். கெட்டியானது நிற்கும், நீராகாரம் போகும். இருமலோ ரத்தமோ வருவதற்கு முன்பே இப்படி ஆரம்பிப்பது அபூர்வம், ஆனால் நடக்கிறது.

உடனே புற்றுநோய்தான் என்று பயந்துவிடாதீர்கள். நம் நாட்டில் காசநோய்க் கட்டிகளும் அச்சு அசலாக இதையே செய்யும், அது 6 மாத மாத்திரையில் பெரும்பாலும் குணமாகக்கூடியது. பெரிய ரத்தக்குழாய் வீங்கினாலும் அழுத்தும். எது என்பது சி.டி.யிலும், தேவைப்பட்டால் அதன்பின் ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்ப்பதிலும்தான் தெரியும். எக்ஸ்ரே போதாதா என்று கேட்பீர்கள். போதாது, இதயத்தின் நிழலுக்குப் பின்னால் இருப்பது அதில் தப்பிவிடும்.

அப்புறம், அப்பாவின் குரல் கம்மியிருக்கிறதா என்று கவனியுங்கள். குரல்நாணுக்குப் போகும் இடப்பக்க நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி வளைந்து மேலே ஏறுகிறது, அதே கட்டி அதையும் அழுத்தலாம். எடை குறைந்திருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். தண்ணீரே இறங்கவில்லை என்றாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இந்த வாரமே ஸ்கேனை எடுத்துவிடுங்கள், கேஸ் மாத்திரையை இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். படம் தெளிவாகத் தெரிய நரம்பில் மருந்து ஏற்றி எடுப்பார்கள் என்பதால் முதலில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்கச் சொல்வார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார் என்றால் மறக்காமல் சொல்லிவிடுங்கள். அதுவரை சோற்றைக் குழைய வடித்து, மசித்துக் கொடுங்கள், நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடட்டும்.